மஞ்சள் ஏறாத கல்

ஹபீபா என்ன வேலை பார்க்கிறாள் என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், அவள் கணவர் நிஸ்தார் "லேப்ல வேல" என்று சொல்லிவிட்டுப் பிரியாணிப் பக்கம் நகர்ந்துவிடுவார். வேறொன்றுமில்லை. மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பக்க ஆய்வுக்கூடத்தில் அவள் கடல்நாய்களின் எச்சத்தைக் கழுவுகிறாள். இதில் நழுவி ஓட என்ன இருக்கிறது என்று நிஸ்தாரைத்தான் கேட்க வேண்டும்.

மெல்பேர்னுக்குத் தெற்கே, பாஸ் நீரிணைத் தீவுகளில் ரோமம் அடர்ந்த கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவை மீனை முழுசாக விழுங்கும். சதை கரைந்துபோகும். மீன் தலைக்குள் இருக்கும் சின்னக் கல் மட்டும் பல நேரம் கரையாமல் வெளியே வந்துவிடும். அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தால் எந்த மீன், எந்தக் கடல் என்று சொல்லிவிடலாம். கடல் சூடாகும் ஆண்டில் மீன் இடம் மாறும். மீனைத் தேடிக் கடல்நாயும் புறப்படும். அது எங்கே போகிறது என்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி.

ஆராய்ச்சிக்குத் தலைவர் டாக்டர் கௌரிசங்கர், கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், கெட்டிக்காரர். ஆனால் சுத்த சைவம். மீன் தலையை அவர் படத்தில் பார்த்ததோடு சரி. ஹபீபாவோ இலங்கையின் கடலோரக் கற்பிட்டியில் பிறந்தவள். மீன் தலையைச் சூப்பிக் கல்லைத் தட்டோரம் துப்பி வளர்ந்தவளுக்குப் படப் புத்தகம் எதற்கு? சேர்ந்த முதல் வாரமே, புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களை முந்திக்கொண்டு மீனின் பெயரைச் சொன்னாள். வீட்டுச் சமையலில் கிடைக்கும் கற்களையும் ஒரு காலி மாத்திரைப் பெட்டியில் போட்டு, பெயர் எழுதி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

அவளிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எச்சம் அசுத்தம், அசுத்தம் பட்ட கையோடு தொழ முடியாது. அதனால் காலையில் ஒரு பை எச்சம். அது முடிந்ததும் கற்களை ஒரு தட்டில் மூடிவைத்து, சல்லடை, இடுக்கி, மேசை எல்லாவற்றையும் மூன்று தரம் கழுவி, மேலங்கியை மாற்றி, நண்பகல் தொழுகையான லுஹர் தொழுவாள். பிறகு இரண்டாவது பை. அதற்கும் அதே கழுவல். கழுவிய நேரத்தையும் கொப்பியில் குறித்துவைப்பாள். "பேர்லயே நாய் ஈக்கி, ஏழு தரம் கழுவு" என்று, நாய் வாய் வைத்ததை ஏழு தரம் கழுவச் சொல்லும் மார்க்கச் சட்டத்தை வைத்து நிஸ்தார் சீண்டுவார். மற்றவர்கள் நாளுக்கு ஐந்து பை முடிக்க, அவள் இரண்டோடு நிற்பாள். மெதுவானவள் என்று பெயர்.

போன ஓகஸ்டில், அங்கே குளிர்காலத்தில், ஒரு புதன்கிழமை, தீவிலிருந்து வந்த நாற்பத்தோராம் பையில் ஒரு கல் கிடைத்தது. பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்தாளை இனம். சிட்னிக்கும் வடக்கே, வெதுவெதுப்பான தண்ணீரில் இருக்கிற மீன். பெட்டியில் இருந்த கல்லோடு வைத்துப் பார்த்தாள், வடிவம் அச்சு அசல். சந்தோஷத்தோடு டாக்டரிடம் ஓடினாள்.

"அக்கா, இந்த மீன் அந்தத் தீவுப் பக்கம் வரவே வராது" என்றார் அவர். "இந்த வாரம் சிட்னிப் பக்கத்துக் கடல்நாய்ப் பையும் வந்துச்சே. கலந்திருக்கும்."

"கலக்காது டொக்டர். சிட்னிப் பை திங்கள் முடிஞ்சது. இத இண்டைக்குத்தான் தொறந்தனான்."

அவர் பார்வை மாத்திரைப் பெட்டியில் நின்றது. "அப்போ இதுல இருந்து விழுந்திருக்கும்."

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஒரு தட்டில் சந்தேகம் வந்தால் அதே கை கழுவிக் கல் சேர்த்துவைத்த எல்லாத் தட்டுமே சந்தேகம்தான். ஏழு மாத வேலை, இருநூறுக்கு மேற்பட்ட தட்டுகள், வெள்ளிக்கிழமை குப்பைக்குப் போகவிருந்த தள்ளுவண்டியில் ஏறின. ஆய்வுக்கூடத்தில் ஹபீபா அழவில்லை. திரும்பி வரும் வழியில் சிவப்பு விளக்கில் நின்றபோது அழுதாள்.

"விடு, வேற வேல பாக்கலாம்" என்றார் நிஸ்தார்.

"வேல போனாப் போகட்டும். நான் மாத்திப்போட்டன் எண்டெல்லா பேர் வந்திட்டு."

மறுநாள், வியாழக்கிழமை, மீன் குழம்பு வைத்த ஆணச் சட்டியைக் கழுவும்போது அடியில் ஒரு கல் உருண்டது. நல்ல மஞ்சள் நிறம். ஹபீபா குழாயை மூட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளி காலை, டாக்டர் கோப்பிக் கோப்பையைக் கீழே வைக்குமுன் போய் நின்றாள். "ரெண்டு கல்லையும் மைக்ரோஸ்கோப்புல வெச்சிப் பாருங்க டொக்டர். என்ட பெட்டில உள்ளதெல்லாம் ஆணத்துல வெந்தது. மஞ்சள் ஏறாத கல்லு ஒண்டும் என்ட வீட்டுல இல்ல."

அவர் குனிந்தார். பெட்டிக் கல் மஞ்சள் பிடித்து, ஓரம் கூராக இருந்தது. பையின் கல் வெள்ளை. வயிற்று அமிலம் தின்று ஓரமெல்லாம் மழுங்கியிருந்தது. பிறகு அவளுடைய கொப்பியைக் கேட்டு வாங்கினார். திங்கள் முதல் புதன் வரை ஒவ்வொரு கழுவலும் நேரத்தோடு இருந்தது. மெதுவானவள் என்று பெயர் வாங்கிக்கொடுத்த கழுவல்கள்தான் அவை.

அந்தப் பையை எடுத்த இடத்தில் படுத்திருந்த கடல்நாயின் முதுகில், போகும் தடத்தைச் செயற்கைக்கோளுக்கு அனுப்பும் ஒரு கருவி ஒட்டியிருந்தது. அதன் குளிர்காலத் தடத்தை யாரும் இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் இப்போது திறந்தார். வழக்கமாக மேற்கே போகிற அந்தக் கோடு தீவைவிட்டுக் கிழக்கே போய், கண்டத்தின் தென்கிழக்கு மூலைவரை நீண்டிருந்தது. சிட்னிப் பக்கமிருந்து அந்த வருடம் அதிகம் தெற்கே இறங்கிய வெந்நீரோட்டத்தின் விளிம்பில் நாற்பது நாள் சுற்றி, அப்புறம் வீடு திரும்பியிருந்தது.

"சரியாத்தான் சொல்லியிருக்கீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். "மன்னிச்சிடுங்க அக்கா."

ஹபீபா கொப்பியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

தள்ளுவண்டியிலிருந்து தட்டுகளை அவரே இறக்கினார். சிட்னித் தட்டு ஒன்றை அலுமாரியில் வைத்துவிட்டு, அதே கையால் நாற்பத்தோராம் தட்டை எடுக்கப் போனார்.

"டொக்டர்" என்றாள் ஹபீபா. "கைய கழுவிட்டு வந்து தொடுங்க."

அவர் மறுபேச்சின்றித் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். ஹபீபா பக்கத்தில் நின்று, மூன்று தரம் ஆகும்வரை எண்ணினாள்.