ஈயம் கட்டிய ஆம்ப்ளிஃபையர்: காரைக்காலில் மூன்று நாள்

காரைக்காலுக்கு நான் சனீஸ்வரனைப் பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபீசில் லீவு கேட்டபோது மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "ஏழரையா?" என்று விசாரித்தார். இல்லை, நான் போனது ஒரு மைக்செட்டுக்காக. 2009 மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தின் கடைசிப் பகுதி, ஒரு வெள்ளி முதல் ஞாயிறு வரை.

போன வருஷம் இதே வலைப்பதிவில் டிஜிட்டல் ஒலியைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். பிழைப்புக்கு நான் நெட்வொர்க் எஞ்சினியர். ஆபீஸ் ஆபீஸாகக் கேபிள் இழுத்துக் கொடுப்பவன். சத்தத்தை எண்களாக்கிப் பொட்டலம் கட்டி, கம்ப்யூட்டர் கேபிளிலேயே அனுப்பலாம் என்று படித்ததும் தலைகால் புரியாமல் எழுதிவிட்டேன். "புது வகை ஆம்ப்ளிஃபையர் இறகு மாதிரி இருக்கும், சூடே ஆகாது" என்றெல்லாம் அளந்திருந்தேன். மூன்றே மூன்று பின்னூட்டம் வந்தது. ஒன்று என் மாமா பையன். இன்னொன்று "நல்ல பதிவு". மூன்றாவது, மணிமேகலை, காரைக்கால்: "நாங்கள் மைக்செட் வைத்திருக்கிறோம். உங்கள் பதிவைப் படித்துவிட்டு, சென்னையில் ஓர் அரங்கத்தில் கழித்துப் போட்ட செட்டை ஏலத்தில் எடுத்துவிட்டோம். இனி எப்படி இணைப்பது என்று சொல்லவும்."

அதை மூன்று தடவை படித்தேன். ஊருக்கு உபதேசம் செய்யும்போது எவராவது உண்மையாகவே கேட்டுவிடுவார்கள் என்று நான் நினைக்கவேயில்லை.

போனில் பேசினேன். மணிமேகலை அக்கா சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பலகையில் உட்காருவார், அவர் கணவர் காளிதாஸ் கம்பம் ஏறி ஒயர் இழுப்பார். அக்காவின் பிறந்த ஊர் காரைக்காலுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் கிராமம். (ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) சுனாமிக்குப் பிறகு பாதிக் குடும்பங்கள் மேற்கே கட்டிக்கொடுத்த குவாட்டர்சுக்குப் போய்விட்டன. அம்மன் கோவில் கரையிலேயே இருக்கிறது. கோவிலில் போடும் மைக் அங்கே கேட்பதில்லை. நீளமாக ஒயர் இழுத்தால் போய்ச் சேருவதற்குள் சத்தம் செத்துவிடுகிறது. அதனால் குவாட்டர்சில் தனி மைக்செட், தனிப் பாட்டு. இந்த வருஷம் அவர்கள், "மைக்செட் தனி, பாட்டு தனின்னா திருவிழாவையும் தனியா வச்சிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். பஞ்சாயத்தார் ஒரே ஒரு வாய்ப்பு கொடுத்திருந்தார்கள். சனிக்கிழமை சாமி புறப்பாட்டுக்கு இரண்டு இடத்திலும் ஒரே குரல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அடுத்த வருஷம் முதல் இரண்டு திருவிழா.

"எங்கக்கா குவாட்டர்ஸ்ல இருக்கு, அண்ணன் கரையில இருக்கு. ரெண்டு திருவிழான்னா நான் எந்தப் பக்கம் போயி நிக்கிறது தம்பி?" என்றார் மணிமேகலை அக்கா. நான் டிக்கெட் எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை 6.15க்குக் கோயம்பேட்டில் பஸ். கட்டணம் 118 ரூபாய். பாண்டியில் இருபது நிமிஷம் நிறுத்தினார்கள். இட்லி சுமார், சாம்பார் பரவாயில்லை. சிதம்பரம், சீர்காழி தாண்டித் தரங்கம்பாடி வந்தால் இடது கைப் பக்கம் கடல் காற்று தெரியும். மறுபடி பாண்டிச்சேரி எல்லை வந்துவிட்டது என்பதை போர்டு பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், கடைகளைப் பார்த்தாலே போதும். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது மணி 2.20. மொத்தம் 295 கிலோமீட்டர், எட்டு மணி நேரம், பக்கத்து சீட்டுக்காரரின் தலை ஆறு மணி நேரம் என் தோளில்.

கிராமத்துக்கு ஏழு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் நான்கு ரூபாய், ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றுதான். ஆட்டோவில் போனேன், தொண்ணூறு ரூபாய். டிரைவர் என் பையைப் பார்த்து, "என்னங்க உள்ள, இவ்ளோ பத்திரமா வச்சிருக்கீங்க?" என்றார். கண்ணாடி இழையில் வரும் ஒளியைச் சாதாரணக் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும் இரண்டு சின்னப் பெட்டிகள் என்று விளக்கினேன். "அப்ப டிவி ரிப்பேருக்கு வந்திருக்கீங்க" என்று முடித்துவிட்டார். நானும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெட்டிகள்தான் சூட்சுமம். கம்ப்யூட்டர் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் வேலை செய்யாது. கரைக் கோவிலிலிருந்து குவாட்டர்ஸ் 1.1 கிலோமீட்டர், வண்டி மீட்டரில் நானே பார்த்தேன். நல்லவேளையாக கேபிள் டிவிக்காரர் ஏற்கெனவே அந்த வழியில் ஃபைபர், அதாவது கண்ணாடி இழைக் கேபிள், இழுத்திருந்தார். அதில் இரண்டு இழை சும்மா கிடந்தது. சாமி காரியம் என்றதும் கொடுத்துவிட்டார். இந்தக் கோடியில் ஒரு பெட்டி, அந்தக் கோடியில் ஒரு பெட்டி மாட்டியதும் கோவில் மைக்கில் பேசினால் குவாட்டர்ஸ் ஸ்பீக்கரில் கண் மூடித் திறப்பதற்குள் கேட்டது. காற்றில் அவ்வளவு தூரம் போவதற்குச் சத்தத்துக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகும். அந்தக் கோடியில் லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க அங்கேயும் ஒரு மைக் மாட்டி "ஹலோ ஹலோ" சொல்லிப் பார்த்தேன். அதுவும் சுத்தமாகக் கேட்டதாக அக்கா போனில் சொன்னார். மைக்கை அங்கேயே ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் நாகமுத்து பார்வையிட வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி. மைக்செட் உலகத்தில் "கனம்" என்று ஒரு சொல் உண்டு. சத்தம் கனமாக இருக்க வேண்டும். கனமான சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபையரும் கனமாக இருக்க வேண்டும். பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று முப்பத்தெட்டு கிலோ, இரண்டு பேர் தூக்க வேண்டும். இது ஏழு கிலோ. தலைவர் ஒன்றை ஒற்றைக் கையால் தூக்கினார். மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். பிறகு கூட வந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"காளி, உள்ள சாமான் எதாச்சும் இருக்கா, இல்ல வெறும் டப்பாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். பழசு மின்சாரத்தை எந்நேரமும் பாதி திறந்த குழாய் மாதிரி வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சூடாக வீணடிக்கும். புதுசு ஒன்று முழுதாகத் திறக்கும் அல்லது முழுதாக மூடும், அதையும் விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை செய்யும். அதனால் ஜெனரேட்டர்கூடச் சின்னது போதும் என்று நான் விளக்கினேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பாப்போம் தம்பி" என்றார். காளிதாஸ் குனிந்து ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அவர் முகத்தை நான் அப்போதே சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேளம் ஆரம்பித்தது. கரையில் கூட்டம் நிரம்பி வழிந்தது. தடைக்காலம் என்பதால் படகெல்லாம் மணலில், ஆண்கள் எல்லோரும் ஊரில். குவாட்டர்சிலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள், மீதிப் பேர் அங்கே வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேளச் சத்தம் இரண்டு இடத்திலும் துல்லியம். நான் ஏதோ நாதஸ்வரத்தையே கண்டுபிடித்தவன் மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

சரியாக 5.50க்குச் சத்தம் நின்றது. கரையிலும் இல்லை, குவாட்டர்சிலும் இல்லை. தலைவர் மைக்கைத் தட்டினார், ஊதினார், பிறகு என்னைப் பார்த்தார்.

லைன்தான் போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நெட்வொர்க்காரனுக்கு எல்லாமே நெட்வொர்க் கோளாறுதான். காளிதாஸின் மொபெட்டில் பின்னால் ஏறி உட்கார்ந்து குவாட்டர்சுக்கு ஓடினேன். அங்கே பெட்டியில் பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தால் இங்கேயும் பச்சை. இதிலேயே இருபது நிமிஷம் போனது. அதற்குள் தலைவர் நாகூரில் இருக்கும் பழைய மைக்செட்காரருக்குப் போன் போட்டு வண்டியை வரச் சொல்லிவிட்டார். குவாட்டர்ஸ் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க சொன்னோம்ல" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மணிமேகலை அக்காதான் கண்டுபிடித்தார். நான்கு ஆம்ப்ளிஃபையரையும் மாட்டியிருந்த மரப்பெட்டிமேல் கை வைத்தவர் வெடுக்கென்று எடுத்துக்கொண்டார்.

"தம்பி, இங்க வாங்க. சூடே ஆகாதுன்னு எழுதுனீங்க. அடுப்பு மாதிரி கொதிக்குது."

பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தோம். பழைய வலைத் துண்டில் மூட்டை மூட்டையாக ஈயக் குண்டு. வலை கடலில் அமிழ்வதற்குக் கட்டுவார்களே, அதே ஈயம். ஆம்ப்ளிஃபையருக்குள் இருக்கும் மின்விசிறி காற்றை வெளியே தள்ளும் இடத்தில் ஒரு விரல்கூட நுழைய முடியாதபடி அடைத்து, நைலான் கயிறால் இறுக்கிக் கட்டியிருந்தது. மீனவர் முடிச்சு, அவிழ்க்கவே ஐந்து நிமிஷம் ஆனது.

காளிதாஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நேத்து தலைவரு ஒத்தக் கையால தூக்கிட்டுச் சிரிச்சாருல்ல. எனக்கு மனசே கேக்கல மணி. பதினெட்டுக் கிலோ ஈயம் வீட்டுல சும்மா கெடந்துச்சு. இன்னொரு தடவ தூக்குனா கனமா இருக்கட்டுமேன்னு..."

"மூச்சு விடுற எடத்துலயா கொண்டுபோயி அடைப்பீங்க?" என்றார் அக்கா. அவர் கண் நிறைந்துவிட்டது. திட்டிக்கொண்டேதான் புருஷன் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்துவிட்டார்.

எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. தப்பில் பாதி என்னுடையது. இந்த ஆம்ப்ளிஃபையரில் பத்துப் பங்கு மின்சாரத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு ஸ்பீக்கருக்குப் போகும். மீதி ஒரு பங்கு சூடுதான். சின்னச் சூடானாலும் அதற்கும் வெளியே போக வழி வேண்டும். வழி இல்லாததால் நான்கும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டன. சத்தத்தை எண்களாக்கிக் குவாட்டர்சுக்கு அனுப்பும் கருவியும் அதே மரப்பெட்டிக்குள்தான் இருந்தது, அதுவும் கூடவே நின்றுவிட்டது. "சூடே ஆகாது" என்று எழுதியவனைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

பஜ்ஜிக் கடைக்காரரின் டேபிள் ஃபேனை வாங்கிவந்து பின்பக்கம் வைத்தோம். தலைவர் வந்து ஈய மூட்டைகளைப் பார்த்தார். காளிதாஸே எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப நான் சிரிச்சதுனாலதான் நின்னு போச்சுங்கிறியா?"

காளிதாஸ் ஈய மூட்டைகளை ஓரமாக நகர்த்தினார். தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "நாகூர் வண்டி வர்ற வரைக்கும் டைம் இருக்கு, பாருங்க" என்றார்.

6.35க்கு, ஆம்ப்ளிஃபையர்களில் சூடு அதிகம் என்று காட்டிக்கொண்டிருந்த, நான் பார்க்காமல் விட்ட சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தலைவர் மைக்கை வாங்கி, "குவாட்டர்ஸ்ல கேக்குதா? யாராச்சும் வண்டியில போயி கேட்டுட்டு வாங்கப்பா" என்றார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மிக்சரில் ஒரு பட்டனை மெதுவாக மேலே தள்ளினார். நான் குவாட்டர்சில் விட்டுவிட்டு வந்த மைக்!

எங்கள் தலைக்கு மேலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "கேக்குது, கேக்குது. எங்க வீட்டுக்காரவங்க அங்கதான் இருக்காங்க. சோறு ஆறிப் போவுதுன்னு சொல்லுங்க."

புருஷன் பெயரைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்? கரையில் உட்கார்ந்திருந்த குவாட்டர்ஸ் ஆண்கள் எட்டுப் பேர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"யாரு வீட்டும்மா நீ?" என்று தலைவர் மைக்கிலேயே கேட்டார்.

"அவங்களுக்குத் தெரியும்" என்றது குரல்.

கரை முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இந்த மைக் வழியாக அங்கே போக, அங்கே அவர்கள் சிரித்தது அந்த மைக் வழியாக இங்கே வந்தது. நாகூர் வண்டி வந்து நின்றபோது டிரைவருக்கு யாரும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. டீயும் பஜ்ஜியும் வாங்கிக்கொடுத்து வாடகையும் கொடுத்து அனுப்பினார்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். வெள்ளி, சனிக்கிழமைகளில் காரைக்காலில் அறை தேடாதீர்கள். திருநள்ளாறு கூட்டம் இங்கே வரைக்கும் வழியும். எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முந்நூறு ரூபாய்க்குக் கிடைத்த அறையில் ஜன்னல் இருந்தது, கதவுத் தாழ்ப்பாள் இல்லை. மே மாதம் வெயில் கொளுத்தும், ஆனால் நாலு மணிக்குக் கடல் காற்று வந்துவிடும். தடைக்காலத்தில் பெரிய மீன் கிடைக்காது. மைக்செட் வேலையாகப் போகிறவர்கள் ஃபைபர் பெட்டியில் ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள், கரண்ட் ஏறி இறங்கும். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னும் பின்னும் ஒரு முழம் இடம் விடுங்கள். முக்கியமாக, எதையும் மாட்டுவதற்கு முன் பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோவிலில் பஞ்சாயத்துக் கூடியது. நான் ஓரமாக நின்றேன். குவாட்டர்ஸ் பக்கத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து பேசினார்.

"தனித் திருவிழா வேணாங்க. ஆனா ஒண்ணு. இந்த நாலு வருஷமா எங்களுக்குக் கேக்கல, கேக்கலன்னு மட்டும்தான் நீங்க நெனச்சீங்க. நாங்க பேசுறது ஒங்களுக்குக் கேக்கலங்கிறது எங்களுக்கே நேத்துதான் தெரிஞ்சிச்சு. அந்த மைக் அங்கேயே இருக்கட்டும்."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "இருக்கட்டும்" என்றார். கூட்டம் கலைந்தது.

மணிமேகலை அக்கா மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு ஒட்டும் டேப்பை இரண்டு துண்டாகக் கிழித்தார். ஒன்றில் "கரை" என்றும் இன்னொன்றில் "குவாட்டர்ஸ்" என்றும் எழுதி இரண்டு பட்டனுக்குக் கீழே ஒட்டினார்.

"தம்பி, ரெண்டும் ஒரே அளவுல கேக்கணும். எந்த நம்பர்ல வைக்கட்டும்?"