ஆறாம் கட்டிலுக்கு மேலே

அறுபதுகளின் இறுதியில், ஆவடியை அடுத்த ஒரு மருத்துவமனையின் பழைய கூரையைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் புதிதாக அமைக்கும் பணிக்கு நானே பொறியாளன். வேறிடம் இல்லாமையால் காசநோயாளிகள் கீழேயே படுத்திருக்க, மேலே சித்தாள்கள் வரிசையாக அமர்ந்து சுண்ணாம்புத் தளத்தை மரக்கட்டையால் அடித்துக்கொண்டிருந்தனர்.

சேக்காட்டிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் இடம்விட்டு நகரமாட்டாள். மெலிந்த உருவம், சுண்ணாம்பு அரித்த விரல்கள். பத்து முறை ஓங்கி அடித்ததும் மெல்ல இரண்டு தட்டுவாள். வேலையில் ஒழுங்கின்மையை நான் சகித்தவனல்லன், காரணம் கேட்டேன்.

"மகாராணிக்கு அந்த எடந்தான் வோணுமாம் சார்" என்றார் மேஸ்திரி.

"கீழ ஆறாம் கட்டில்ல எங்க ஊட்டுக்காரரு கீறாரு சார்" என்றாள் அவள். "என்னிய உள்ள உடமாட்டேங்கறாங்க. ரெண்டு தட்டுனா நான்தான்னு அதுக்குத் தெரியும்."

சலுகை காட்டினால் என் பெயர் கெடும் என்றெண்ணி அவளை மறுகோடிக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் அவள் கணவர் இறந்தார். சில நாள் கழித்து வேலைக்கு வந்தவள், நான் காட்டிய கோடியிலேயே அமர்ந்தாள். விரும்பினால் பழைய இடத்துக்கே போகலாம் என்றேன்.

"வாணாம் சார். அங்க இப்ப வேற ஆளு படுத்துகினு கீறாரு. தல மேல அடிச்சா பாவம், தூங்க முடியாது. கொஞ்சம் மெதுவா அடிக்கச் சொல்லுங்க."

அக்குரலில் கோபம் இருந்ததா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மேஸ்திரியை அழைத்து அவ்வாறே சொன்னேன். அது என் உத்தரவு என்றே அவர் எண்ணிக்கொண்டார்.