பின்கதவில் வெட்டிய பெயர்

1969 ஆனி மாதம் முழுவதும் நான் எவர்சில்வர் தகடு தேடி அலைந்தேன். பாத்திரத்துக்கு அல்ல, ஒரு ஜீப்புக்கு.

ஜீப் என் தங்கை கணவருடையது. பர்மாவில் ஒரு கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், 1964இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கினார். அரியக்குடியில் முதலில் விதைக்கடை வைத்தார், பிறகு வாடகை சைக்கிள் விட்டார். எதிலும் கால் தரிக்கவில்லை. கடைசியில், ராணுவம் கழித்துப்போட்ட சண்டைக்காலத்து ஜீப் ஒன்றைத் தூத்துக்குடி உப்பளக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி வந்தார். தொண்டியில் மீன் ஏற்றிக் காரைக்குடியில் இறக்குவது தொழில். அதில் மட்டும் மனிதர் முகம் தெளிந்தார்.

உப்பளத்தில் ஓடிய வண்டிக்கு மீன் தண்ணீரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? தரை அரித்துக்கொண்டே போனது. இரண்டு தடவை இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தோம். ஒரு மழைக்காலம் போனதும் விரலால் குத்தினால் ஓட்டை விழுந்தது. அந்த வருஷம் சித்திரையில் ஓடும்போதே தரை விட்டுவிட்டது. தேவகோட்டையில் நாய்கள் கூட்டமாகப் பின்னால் ஓடி வந்ததைப் பார்த்துத்தான் மீன் ரோட்டில் கொட்டுவது அவருக்குத் தெரிந்தது. பின்கதவும் கீலோடு கழன்று தொங்கியது.

வண்டி நின்றது. அவர் வீட்டுக்கும் ரயிலடிக்குமாக நடக்க ஆரம்பித்தார். பினாங்கிலிருந்து ஒரு பழைய சிநேகிதர் கூப்பிடுகிறார் என்று பேச்சுவாக்கில் சொன்னார். தங்கை என்னைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள்.

“அண்ணே, வண்டி நின்னா அவுக நிக்க மாட்டாக. கல்யாணம் ஆகிப் பன்னெண்டு வருஷத்துல அவுக எங்கூட இருந்தது இந்த அஞ்சுதான். என்னத்தையாச்சும் செஞ்சு வண்டியை ஓட வையுங்க.”

துருப்பிடிக்காத உருக்கில் குரோமியம் கலந்திருக்கிறது என்று நூலகத்தில் படித்திருந்தேன். தரையையும் கதவையும் அதிலேயே போட்டுவிட்டால் உப்பு என்ன செய்யும் என்று தோன்றியது. பழைய ரேடியோ ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. அப்போது ஒட்டுகிற சரக்கும் கடைக்கு வந்துகொண்டிருந்தது.

காரைக்குடிப் பாத்திரக்கடைக்காரர் சிரித்தே விட்டார். “குடம் இருக்கு, தூக்குவாளி இருக்கு. ஜீப்புக்குத் தரை கேட்டா நான் எங்குட்டுப் போயி எடுக்குறது? பேசாம நாலு தாம்பாளத்தை வாங்கி விரிச்சுவிடுங்க, மீன் மரியாதையா வரும்.”

தகடு அரசாங்கக் கோட்டாவில் வரும் காலம். பட்டறைகளுக்குக் கிடைக்கும், தனி ஆளுக்குக் கிடைக்காது. சனிக்கிழமைகளில் கல்லலில் நான் வேலை பார்த்த ஆபீஸ் முடிந்ததும் பஸ் பிடித்து மதுரை போவேன். மூன்று பட்டறையில் கையை விரித்தார்கள். நான்காவது பட்டறை முதலாளி மட்டும் ஒரு வழி சொன்னார். பழைய எவர்சில்வர் கொண்டுவந்தால் எடைக்கு எடை, சேதாரம் கழித்துத் தகடாகத் தருவாராம்.

“நாங்க தகட்டைத் தட்டிச் சட்டி பண்றவுக. நீங்க சட்டியைக் குடுத்துத் தகடு கேக்குறீக. எந்த ஊருங்க நீங்க?”

ஊரைச் சொன்னேன். “அப்ப வீட்ல சாமானுக்குப் பஞ்சமிருக்காது” என்றார்.

அவர் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்தில் பெண் பிறந்த வருஷமே அவளுடைய சீருக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். தங்கையும் மகளுக்குப் பொங்கலுக்கொன்று தீபாவளிக்கொன்று என்று வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரும் வருஷமும் வெட்டி, உள்ளறையில் அடுக்கியிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னதும் அந்த அறைக்குள் போனாள். பிறகு பெரிய அண்டாவை அவளே உருட்டிக்கொண்டு வந்தாள். “அவ சமைஞ்சு கல்யாணம் ஆகுறதுக்குள்ள திரும்பச் சேத்துக்கலாம். அப்பன் ஊர்ல இருந்தாத்தானே சீரு?”

இரண்டு சாக்கு நிறையக் கட்டி மதுரைக்கு எடுத்துப்போனோம். தரை, பின்கதவு, கீல், கண்ணாடிச் சட்டத்தைத் தாங்கும் கொக்கி என்று ஒவ்வொன்றுக்கும் அட்டையில் அச்சு வெட்டிக் கொடுத்தேன். எவர்சில்வரை நம் ஊரில் பற்றவைக்கத் தெரிந்தவர் இல்லை. அதனால் எல்லாவற்றையும் போல்ட்டு போட்டு முடுக்கும்படி துளை வைக்கச் சொன்னேன்.

ஆடி பிறந்ததும் சரக்கு பஸ்ஸில் வந்தது. பிரித்துப் பார்த்தால் பின்கதவின் வெளிப்பக்கம், நட்டநடுவில், தங்கை மகளின் பெயர். கீழே வருஷம். சின்ன உளியால் புள்ளி புள்ளியாக, அண்டாவில் இருந்த அதே எழுத்து. தரைத்தகட்டிலும் இருந்தது, உள்ளங்கை அகலக் கீலிலும் இருந்தது. சீர்ச்சாமானை மாற்றிக்கொடுத்தால் பழையதில் இருந்த பெயரைப் புதியதில் வெட்டித் தருவது கடை வழக்கம். பெயர் வெட்டுகிறவர் அந்த வழக்கப்படி ஒரு துண்டு விடாமல் வெட்டியிருந்தார். ஜீப்புக் கதவு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

“வண்டி போறபோது எல்லாரும் பாத்திரக்கடைனு கை காட்டப் போறாக” என்று மாப்பிள்ளை முனகினார். ஆனாலும் அவரே முடுக்கினார். வண்டி வெயிலில் கண்ணைக் கூச வைத்தது.

தொண்டிக்குப் புறப்படுவார் என்று காத்திருந்தோம். ஒரு வாரம் அவர் புறப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்குவாரி காண்ட்ராக்டர் ஒருவர் வாடகைக் காரில் வந்து இறங்கி, “வண்டி விலைக்குனு சொன்னாகளே” என்றார். அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. பினாங்குக் கப்பல் டிக்கெட்டுக்குத்தான் என்று கேட்காமலே புரிந்தது. தங்கை நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காண்ட்ராக்டர் இஞ்சினைப் பார்த்தார், தரையில் ஏறிக் குதித்தார். “பலே, கோட்டை மாதிரி இருக்கு” என்றபடி பின்பக்கம் வந்தவர் குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

“இது யாரு?”

“எம் மக” என்றார் மாப்பிள்ளை.

“சீர்ச்சாமானா?”

“சாமானைப் போட்டுச் செஞ்ச தகடு. அதை அரத்தால ராவி எடுத்துரலாம்ங்க.”

“ராவினா தழும்பு தெரியும்ல? எம் வீட்லயும் ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்குதுக. பொண்ணு பேரு வெட்டுன சாமானை அவ அப்பன்கிட்டயிருந்து வாங்குனேன்னு ஊருக்குள்ள சொன்னா என் வீட்டுக்காரி சோறு போடுவாளா?”

தங்கை படியிறங்கி வந்தாள். வெளி ஆட்கள் முன்னால் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“தரையும் கதவும் எம் மகளோடது. போல்ட்டுத்தான், கழட்டி வச்சிடுறோம். இஞ்சினும் சக்கரமும் அவுகளுது, அதை ஏத்திட்டுப் போங்க.”

காண்ட்ராக்டர் பலமாகச் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, மோர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மாப்பிள்ளை வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தங்கையிடம், “அப்ப நானும் உம் மக சாமான்ல ஒண்ணா? எம் நெத்தியிலயும் வெட்டிரு” என்றார்.

“நெத்தில இடமில்ல. முதுகைக் காட்டுங்க” என்றாள் அவள், சிரிக்காமல்.

அவர் வண்டியில் ஏறி, தொண்டிச் சாலையை விட்டு வடக்கே ஓட்டிக்கொண்டு போனார். எங்கே என்று சொல்லவில்லை. அன்று பகல் எங்களில் யாரும் உருப்படியாக ஒரு வேலை செய்யவில்லை. தங்கை அடுப்பை மூட்டுவதும் அணைப்பதுமாக இருந்தாள், நான் பள்ளத்தூர்ச் சாலை வரை இரண்டு தரம் போய் வந்தேன். பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. தரையில் தொண்டி மீனின் தண்ணீர் தேங்கியிருந்தது.

அதற்குப் பிறகு 1975 வரை அந்த வண்டியை ஓட்டினார். பினாங்குப் பேச்சு எழவில்லை. ஆனால் தொண்டி அவருக்குப் போதவில்லை. மீமிசல் போனார், கோடியக்கரை வரை போனார். நேற்றுப் பார்த்த கடற்கரைக்கு இன்று போகமாட்டார். தங்கைக்கு அதில் குறையொன்றுமில்லை, ராத்திரிக்குள் வந்துவிடுகிறாரே என்பாள். எனக்கு மட்டும் அவர் சாப்பிடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். இலை முன் உட்கார்ந்து முடிக்கும்வரை, வண்டிச்சாவியை இடதுகையிலிருந்து அவர் கீழே வைத்ததே இல்லை.