மிஸி எழுதிய மருந்துத் துண்டு

பலேர்மோவில் ஒரு வயதான சின்யோரா கண்ணை மூடினால் பிள்ளைகள் வீட்டை விற்பார்கள், அவளைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தமிழ்ப் பெண்ணுக்கு வேலை போகும், குளியலறை அலமாரியில் இருந்த மருந்தெல்லாம் போர்கோ வெக்கியோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். முதல் இரண்டும் எந்த ஊரிலும் நடப்பவை. மூன்றாவது எங்கள் ஆட்களின் புத்தி. விலை கூடிய மருந்து, அரைவாசிகூட முடியவில்லை, குப்பையில் போட்டால் பாவமாம். சின்யோராவைக் காப்பாற்றாத மருந்து தங்களைக் காப்பாற்றும் என்று அவர்களுக்கு அப்படியொரு விசுவாசம்.

ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் பைகளோடு வருவார்கள். என்னைப் பார்க்க இல்லை. என்னோடு ஒரே வீட்டில், ஒரே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த றோசமலர் மிஸியைப் பார்க்க. எங்கள் பக்கத்தில் நேர்ஸ் என்றாலும் மருத்துவிச்சி என்றாலும் மிஸிதான். றோசமலர் மன்னாரில் பிரசவ வார்ட்டில் வேலை செய்தவள். அரைவாசி மன்னார் அவள் கையில்தான் முதல் அழுகையை அழுதது என்று சொல்வார்கள். இங்கே பொலித்தேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட ஒரு கிழவியைக் குளிப்பாட்டி, வெள்ளிச் சாமான் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கொட்வின் துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பல் கழுவுகிறவன்.

"மிஸி, இது எதுக்கு? எனக்கு முழங்கால் நோகுது, குடிக்கலாமோ?"

"டொக்டரிட்டைக் காட்டிக் கேளுங்கோ."

யார் எதைக் கொண்டுவந்து கேட்டாலும் இதுதான் பதில். சனத்துக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "மருந்து தெரிஞ்சுகொண்டு சொல்லமாட்டாவாம். பெரிய டொக்டர் எண்ட நினைப்பு!" என்றார்கள். டொக்டர் வேலை பார்க்க மாட்டேன் என்றவளுக்கு டொக்டர் கெப்பர், திமிர் என்று பட்டம். இதை எங்கே போய்ச் சொல்லி அழ?

அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் நேரே பீலிக்ஸ் அண்ணையிடம் போவார்கள். அவர் ஊரில் தீவுப்பக்கம் ஒரு டிஸ்பென்சரியில் வாசலில் நின்று நம்பர் கொடுத்தவர். ஆனால் வாயிருந்தால் வங்காளம் போகலாமே. பலேர்மோவுக்கு வந்து சேர்வதற்குள் அவர் பாதி டொக்டராகிவிட்டார். மஞ்சள் குளிசை வாய்வுக்கு, நீலம் நித்திரைக்கு, வெள்ளை மற்ற எல்லாத்துக்கும். காசு வாங்கமாட்டார், யாரையும் திருப்பி அனுப்பவும் மாட்டார். ஒருமுறை, பின்பக்கத்தால் வைக்கிற மருந்தை ஒருவரைக் கொண்டு சுடுதண்ணியோடு விழுங்கச் செய்தார். அந்த மனிதர் சுகம் என்றே சொன்னார்! ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். அந்தக் கணக்கில் பீலிக்ஸ் அண்ணை கால் வைத்தியன்கூட இல்லை. இன்னும் ஒருவரையும் கொல்லவில்லை.

தொண்ணூற்றாறிலோ ஏழிலோ, றோசமலரோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்த எமிலியானா லண்டனிலிருந்து போன் எடுத்தாள். அங்கே நேர்ஸ்மாரைத் திரும்ப வகுப்புக்குக் கூப்பிட்டு, மேல்படிப்புப் படிப்பித்து, மருந்து எழுத விடுகிறார்களாம். எமிலியானாவும் அந்தப் படிப்பில் சேர்ந்துவிட்டாளாம். புத்தகம், வகுப்பு, சோதனை எல்லாம் முடித்துப் பாஸ் பண்ணினால் பேன் மருந்து, பேதி மருந்து, புண்ணுக்குக் கட்டுகிற துணி, இப்படிச் சிலது எழுதலாமாம்.

"கண்டறியாத படிப்பு! பேன் மருந்துக்கோ சோதனை?" என்றேன் நான்.

"விசர்க்கதை கதையாதையடி. அவைக்கு முதல் பாடமே எப்ப எழுதக்கூடாது எண்டதுதானாம்." அவள் முகம் அப்படி மலர்ந்து நான் கண்டதில்லை. "எனக்கும் அதைப் படிக்க ஆசையாக் கிடக்கு" என்றாள். பிறகு எழும்பிப் போய்ச் சட்டி கழுவினாள். லண்டனில் பதிந்த நேர்ஸ்மாருக்குத்தான் அந்தப் படிப்பு. இவள் பதிந்திருந்தது கிழவியின் வீட்டு வேலைக்காரியாக.

கொட்வினுக்கு வாய் சும்மா கிடக்காது. அடுத்த நாள் கப்பலில் அவன், "என்ரை மனுசி லண்டன் முறையிலை மருந்து எழுதப் படிக்கப்போறா" என்று அளந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலுக்கு வந்தபோது அந்தக் கதை வளர்ந்து, படிப்பு முடிந்து, பட்டமும் தபாலில் வந்துவிட்டிருந்தது. "இல்லை, பொய்" என்று றோசமலர் ஒவ்வொருத்தராகப் பிடித்துச் சொன்னாள். அடக்கமாம்! முதல்முறையாக அவளுக்கு நல்ல பெயர் வந்தது.

அந்த வாசலில்தான் ரதியைக் கண்டாள். பத்மநாதனின் மனைவி, எட்டு மாதம். அவர்கள் சைவம்தான், ஆனால் நாலு தமிழ் முகம் பார்க்கப் பூசைக்கு வருவார்கள். ரதியின் முகம் ஊதியிருந்தது, மோதிரம் விரலில் புதைந்திருந்தது. றோசமலர் பையோடு நின்றவர்களை விலக்கிக்கொண்டு போனாள்.

"தலையிடி இருக்கோ?"

"ஓம் மிஸி. பீலிக்ஸ் அண்ணை வெள்ளைக் குளிசை தந்தவர்."

"கண்ணுக்குள்ளை மின்னுற மாதிரி?"

"இடைக்கிடை."

"பத்மநாதன், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போம்."

பத்மநாதன் நெளிந்தான். அவர்களுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்குவதற்கான அனுமதி, முடிந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் குவெஸ்தூராப் பொலிசுக்குச் சொல்லுவார்கள், பிடித்து ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று பயம். "நீங்களே ஒரு மருந்தைத் தாங்கோ மிஸி, பிறகு பாப்பம்" என்றான். அவள் கத்தினாள், கெஞ்சினாள், மடு மாதாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் பிரான்காச்சோ பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம் கிழவி படுத்ததும், றோசமலர் கிழவியின் பிரஷர் பார்க்கிற மெஷினைத் தூக்கிக்கொண்டு என் வேலைவீட்டு வாசலில் வந்து நின்றாள். "வாடி, பிரான்காச்சோவுக்கு" என்றாள். பஸ் ஏறினோம்.

ரதி யன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் படுத்திருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறதாம். றோசமலர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். பிறகு என்னிடம் மெல்ல, "இதுக்கு மேலை வலிப்பு வரும். வந்தா ரெண்டு உயிரும் போகும்" என்றாள்.

பத்மநாதன் வாசலில் நின்றான். "மருந்து கொண்டந்தனீங்களோ மிஸி?"

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவனை என்ன சொல்லித் திட்டலாம் என்று நான் வாயைத் திறக்க, றோசமலர் என் காலை மிதித்தாள்.

"கொண்டரேல்லை. எழுதித்தாறன்."

என் பையில் ஞாயிறு பூசைப் பாட்டுத்தாள் கிடந்தது. அதன் பின்பக்கத்தில், டொக்டர்மார் எழுதுகிற அதே கோழிக் கிறுக்கலில், இத்தாலிய மொழியில் எழுதினாள்: எட்டு மாதம், பிரஷர் இவ்வளவு, தலையிடி, கண்ணில் மின்னல், அவசரம். அதில் ஒரு மருந்தின் பெயரும் இல்லை. அடியில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டாள்.

"இது பார்மசியிலை இல்லாத மருந்து. ஆஸ்பத்திரிப் பிரசவப் பகுதியிலை மட்டும்தான் கிடைக்கும். ஆளைக் கொண்டுபோய்க் காட்டினாத்தான் தருவினம்."

பத்மநாதன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முத்திரை இல்லையோ?"

"லண்டன் முறையிலை முத்திரை இல்லை."

அவ்வளவுதான்! நேற்று மாதாவுக்கே அசையாத மனிதன், கீழே கராஜில் வான் திருத்துகிறவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான். ரதியைத் தாங்கி இறக்கினோம். வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. றோசமலர் படிக்கட்டில் குந்திவிட்டாள். "பொய் சொல்லிப்போட்டன். பத்து வருசம் வார்ட்டிலை நிண்டும் இப்பிடியொரு பொய் சொன்னதில்லை" என்று அழுதாள். கிழவி எழும்புகிற நேரம் என்று நான்தான் அவளைக் கிளப்பினேன்.

ஆஸ்பத்திரியில் பெர்மெஸ்ஸோவை ஒருத்தரும் கேட்கவில்லை. தாளைப் பார்த்ததும் ரதியைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு ஓடினார்களாம். அன்றே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். சின்னப் பெண்பிள்ளை. இரண்டு பேரும் தப்பினார்கள்.

வந்து பார்க்கலாம் என்றதும் போனோம். ரதி றோசமலரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பத்மநாதன் பிள்ளையை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். தாளில் மருந்தே இல்லை என்று டொக்டர் சொல்லிவிட்டாராம்.

"நீங்கள் செய்தது சரியில்லை மிஸி. மருந்தெண்டு நம்பித்தானே போனம். எங்களைப் பேக்காட்டிப் போட்டீங்கள்."

"முதல் நாள் மருந்துக்கதை இல்லாமல் உள்ளதைச் சொன்னன். போனனீரோ?"

அவன் பிள்ளையைப் பார்த்தான். "இல்லை" என்றான். "போயிருக்க மாட்டம்." பிள்ளையைச் சுற்றியிருந்த துணியால் கண்ணைத் துடைத்தான்.

"சரி, அழாதையும். இஞ்சை தாரும்" என்று றோசமலர் பிள்ளையை வாங்கினாள். வாங்கின கை தன்பாட்டுக்கு வேலை தொடங்கிவிட்டது. உச்சியைத் தடவியது, விரல்களை விரித்தது, குதிக்காலைச் சுண்டியது. பிள்ளை வீரிட்டு அழ, அவள் சிரித்தாள். பலேர்மோவுக்கு வந்த பிறகு அவள் கையில் வந்த முதல் பிள்ளை.

சத்தம் கேட்டு அந்த வார்ட்டின் மருத்துவிச்சி வந்தாள், எங்களைவிட இளம் இத்தாலியப் பெட்டை. றோசமலரின் வீட்டு வேலைக்காரிச் சட்டையைப் பார்த்தாள். "நீங்கள் சொந்தமா?"

"இல்லை."

"அப்படியென்றால் பிள்ளையைத் தொடக்கூடாது, சின்யோரா. தொற்று வரும்."

நான் சண்டைக்கு எழும்பினேன். றோசமலர் அதற்குள் மன்னிப்புக் கேட்டு, பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

"நீ யாரெண்டு சொல்லியிருக்கலாமேயடி!" என்று வெளியில் வந்து கத்தினேன்.

"அவள் சொன்னது சரிதானே. என்ரை வார்ட்டிலை நானும் விட்டிருக்க மாட்டன்" என்றாள். பஸ் வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.