மகளுக்குத் திறக்காத சர்வர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். மட்டாஞ்சேரி குடோனில் மிளகு மூட்டை தூக்கி, பிறகு சொந்தமாக பிரவுசிங் சென்டரே வைத்தேன். கிளவுட் சர்வர் வாடகைக்குக் கிடைக்கத் தொடங்கியதும், அதில் ஓர் அரட்டைச் சேவையை யார் உதவியும் இல்லாமல் ஏற்றினேன். மனைவி இறந்த பிறகு, மஸ்கட்டில் இருக்கும் மகளோடு தினமும் பேசுவதற்காக.

அவள் அதில் வரவே இல்லை. "கனெக்‌ஷன் டைம் அவுட்னு வருதுப்பா" என்று போனில் சொன்னாள்.

"என் கடையில நல்லா ஓடுதே. உனக்குத்தான் அப்பாகூடப் பேச நேரமில்ல, மோளே."

அதன்பின் போனும் வரவில்லை. இருபது நாள் வெறும் திரை முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சர்வர் கம்பெனிக்கு போன் செய்து கத்தினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்:

"சேட்டா, உங்க கடைக்கு வெளியே எங்கயாவது போய்த் திறந்து பார்த்தீங்களா?"

பார்த்ததில்லை. போட் பிடித்து எர்ணாகுளம் போய், வேறொருவர் சென்டரில் திறந்தேன். மகள் சொன்ன அதே பிழை வந்தது. குடோனில் தெரிந்த முகத்தைத்தான் உள்ளே விடுவோம். அந்தப் பழக்கத்தில், யார் உள்ளே வரலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலில் என் கடையின் இணைய முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுத்திருந்தேன்.

அதைச் சரிசெய்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "தப்பு என்னோடது, மோளே."

"நான் தினமும் முயற்சி பண்ணிட்டுத்தான்பா இருந்தேன்" என்றாள்.

அந்த சர்வரைத் தனியாக ஏற்றிய கதையை ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அந்த இருபது நாளைப் பற்றி இப்போதுதான் சொல்கிறேன்.