ஏழாவது கண்டமும் ஐந்நூறு ஹெர்ட்ஸும்

என் மனைவி பல் செட் செய்கிறவள். ஊரில் பாதிப் பேர் சிரிப்பது அவள் கைவண்ணம். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் ரோஸ் மெழுகால் ஈறு வைத்து, பல் பதித்து, கூடுதலாக இருப்பதைச் சின்னக் கத்தியால் சீவித் தள்ளுவாள். சீவுவதென்றால் அவளுக்கு அப்படியோர் ஆனந்தம். சாப்பிடும்போது நான் சொல்லும் கதையைக்கூட விடமாட்டாள். "விஷயத்துக்கு வாங்க" என்பாள். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவனிடம் விஷயத்தை மட்டும் கேட்டால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்!

வேலை முடிந்தால் ரேடியோதான். லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே ரேடியோவில் உலகத்தோடு பேசுகிற 'ஹாம்'. மொட்டை மாடியில் நீளமாக ஒரு கம்பி. அதில் ஒரு துண்டு காயப்போட்டுவிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தந்தி மொழியில் கட்டு கடகடவென்று தட்டி ஆறு கண்டங்களில் ஆள் பிடித்துவிட்டாள். ஏழாவதான அண்டார்டிகா மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது.

அங்கேதான் என் மச்சான் இருந்தான், அவளுடைய ஒரே தம்பி. ஆராய்ச்சி நிலையத்தில் சமையல்காரன். அக்காவுக்காகவே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, குட்டி ரேடியோ ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனவன். வருஷத்துக்கு ஒரு கப்பல்தான் வரும். ஏற்கெனவே இரண்டைக் கோட்டைவிட்டிருந்தான். மூன்றாவது வந்து நின்றபோது போன் செய்தான்.

"அக்கா, நாளைக்குச் சாயங்காலம் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ரேடியோல கூப்பிடுவேன். உனக்கு ஏழாவது கிடைச்சா கப்பல் ஏறிடுறேன். கிடைக்கலையா, இன்னும் ஒரு வருஷம் இங்கயே கரண்டி பிடிக்கிறேன்."

நான் போனைப் பிடுங்கினேன். "டேய் லூசு! இப்பப் பேசுறோமே, இது போதாதா?"

"போன்ல பேசுறது கணக்குல வராது மாமா."

என்ன குடும்பமோ! இவள் முகம் வெளுத்துவிட்டது. "அவன் சொன்னா செய்வாங்க" என்றாள்.

மச்சானுக்குத் தந்தி மொழி ஏறவே இல்லை. அதனால் டிஜிட்டல் முறை. அவன் கம்ப்யூட்டர் எழுத்தைச் சன்னமான சத்தமாக்கி அனுப்பும். இங்கே இவள் கம்ப்யூட்டர் அதைப் படித்துக் காட்டும். கால் நிமிஷத்துக்கு ஒரு வரி. சொந்தமாக ஏதாவது சொல்வதென்றால் வரிக்குப் பதின்மூன்று எழுத்துதான், அதுவும் இங்கிலீஷ் எழுத்தில். இவளுக்கு இதெல்லாம் புதுசு.

மறுநாள் சாயங்காலம் உட்கார்ந்தாள். அங்கேதான் பழக்க தோஷம் வேலையைக் காட்டியது. தந்திக்காரர்கள் ரிசீவர் கேட்கும் அலைவரிசையின் அகலத்தை ஐந்நூறு ஹெர்ட்ஸுக்குச் சுருக்கிவிடுவார்கள். அக்கம்பக்கத்து இரைச்சல் நுழையாது, வேண்டிய சத்தம் மட்டும் கேட்கும். இவளும் அப்படியே வைத்துவிட்டாள். கம்ப்யூட்டர் திரையில் நடுவே ஒரு பட்டை வெளிச்சம், இரண்டு பக்கமும் கும்மிருட்டு. ஓர் அழைப்பும் வரவில்லை.

"பேண்டே செத்துக் கிடக்குங்க, ஒரு ஸ்டேஷனும் இல்ல" என்றாள். கண் கலங்கிவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "ஏம்மா, ரெண்டு பக்கமும் ஏன் கறுப்பா இருக்கு? மானிட்டர் போச்சா?"

என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பட்டென்று தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நானே சீவிட்டேங்க! தம்பியையும் சேத்துச் சீவிட்டேன்!"

குமிழைத் திருகி மூவாயிரத்துக்கு விரித்தாள். அடேயப்பா! இருட்டாக இருந்த இரண்டு பக்கமும் கோடு கோடாக இறங்கியது. எத்தனை தேசம், எத்தனை பேர்!

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடாதா?"

"கலக்கட்டும்! பிரிக்கிறது கம்ப்யூட்டர் வேலை. நான் வாசலைத் திறந்து வெச்சா போதும்!"

வலது ஓரத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. பக்கத்தில் மச்சானின் அழைப்புக் குறி! நான் குதித்த குதியில் கையிலிருந்த தேநீர் முழுதும் என் சட்டையில். அவள் பதில் அனுப்பினாள்.

அந்த நேரம் பார்த்து எதிர்த் தெரு ஹாம் ஒலிபரப்ப ஆரம்பித்தார். அவர் ரேடியோவுக்குப் பலம் அதிகம். எங்கள் வீட்டில் அவருக்கு 'இடி' என்று பெயர். இடது பக்கம் தடியாக ஒரு கோடு விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ரிசீவர் தானாகவே காதைப் பொத்திக்கொள்ள, நூல் போன இடம் தெரியவில்லை.

"போன் போட்டு நிறுத்தச் சொல்லும்மா!"

"ஹெட்போன் மாட்டியிருப்பார். வீடே இடிஞ்சாலும் கேக்காது." சட்டென்று நிமிர்ந்தாள். "இப்பச் சீவலாங்க!"

மறுபடி ஐந்நூறுக்குச் சுருக்கினாள். ஆனால் இந்த முறை நடுவில் அல்ல. அந்தப் பட்டையை அப்படியே வலது ஓரத்துக்கு நகர்த்தித் தம்பி மேல் வைத்தாள். இடி வெளியே, தம்பி உள்ளே! நூல் திரும்பி வந்தது. அவன் குறி, இவள் குறி, இருவர் சொன்னதும் சரி என்ற கடைசி வரி. முடிந்தது! நாங்கள் போட்ட ஆட்டத்தில் கீழ்வீட்டுக்காரர், "என்னாச்சு?" என்று பதறிக் கத்தினார்.

"அண்டார்டிகா!" என்று கத்தினேன்.

"சரி சரி, மெதுவா" என்றார் அவர்.

அப்போது இன்னொரு வரி வந்தது. AKKA PODHUMA?

அவள் சிரித்தாள், அழுதாள், மூக்கை என் தேநீர்ச் சட்டையிலேயே துடைத்தாள். விரல் விட்டு எண்ணி எண்ணித் தட்டினாள். PODHUM DA VAA. பதின்மூன்றுக்குள் சரியாக அடங்கியது.

அதற்குப் பதில் வரவில்லை. மணி அடித்திருக்கும், கரண்டியைப் பிடிக்கப் போயிருப்பான்.

"ஏறிடுவான்தானேங்க?"

"சொன்னா செய்வான்" என்றேன். விஷயத்தை மட்டும்தான் சொன்னேன்.