கோட்டை வாசலில் சப்பாத்து

தினமும் மாலையில் வேலை முடிந்து, மலேசியாவின் கிள்ளானில் இருக்கும் என் சொந்த வீட்டுக்குப் போக நான் அனுமதி கேட்கிறேன். சுற்றுச்சுவர் வைத்த குடியிருப்பு. வாசலில் தடுப்புக் கட்டை. கார்க் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய ஸ்டிக்கரைத் தொலைத்தது என் தவறுதான். நேபாளத்துக் காவலர் குனிந்து, "பாஸ், நொம்போர் ரூமா?" என்று வீட்டு எண் கேட்பார். ஒருநாள் கோபம் தலைக்கேறி, நான் பிறந்ததே ஒரு கோட்டைக்குள்தான் என்று என் அரைகுறை மலாயில் அவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'கோத்தா' என்று எழுதிக்கொண்டார். மலாயில் கோட்டைக்கு அதுதான் சொல்.

நான் சொன்னது பொய்யில்லை. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பழைய கோட்டை மதிலுக்குள் எங்கள் ஊர் முழுவதும் இருக்கிறது. நாலு தெரு, ஒரு குளம், ஒரு ரேஷன் கடை. எந்த ராஜா கட்டினான் என்பதில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. மதிற்கல்லைப் பெயர்த்து மாட்டுக்கொட்டகை கட்டியதில் மட்டும் கட்சி வித்தியாசம் கிடையாது.

பெண் பார்க்கப் போன அன்றே இதை எடுத்துவிட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருந்த கணினிக்காரனுக்குச் சொல்லிக்கொள்ள வேறென்ன இருக்கிறது? மாமனார் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தா கப்பலில் வந்தார் என்பதோடு குடும்பக் கதை முடிந்துவிடும். எந்த ஊரிலிருந்து என்று சொல்லிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. "கோட்டைனா, அரண்மனை மாதிரியா?" என்றார். நான் மறுக்கவில்லை. அதன்பின் பதினோரு வருடமாக எந்த விருந்திலும், "நம்ம மாப்ள ராஜா பரம்பரை லா," என்று சிரிக்காமல் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அது பெருமையா கிண்டலா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

போன டிசம்பர் விடுமுறையில் அவரையும் என் மனைவி மலரையும் ஊருக்கு அழைத்துப் போனேன். அப்பா அம்மா காலமாகி, வீட்டையும் விற்றாயிற்று. ஆனாலும் மாமனார் முன்னால் யாராவது, ஒரே ஒருவர், "அட, நம்ம பயலா!" என்று கேட்டுவிட வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விமானம் ஏறியதே அதற்காகத்தான்.

காரை விட்டு இறங்கிய மாமனார் கோட்டை வாசலை அண்ணாந்து பார்த்தார். "கேட்டு எங்க மாப்ள? கார்டு யாரும் இல்லையா?"

"கதவெல்லாம் எப்பவோ விழுந்துடுச்சு மாமா."

உள்ளேயிருந்து ஓர் ஆடு வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. "ராஜாவ வரவேற்க ஆள் அனுப்பியிருக்காங்க," என்றாள் மலர்.

நான் கையை வீசி வீசி வரலாறு சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தேன். வாசலைத் தாண்டி நாலடி வைத்திருப்பேன். மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் சத்தம் போட்டாள். "ஏங்க, காலுல மாட்டுனதக் கழட்டாமப் போறீங்களே! முனி நிக்கிறது தெரியலையா? சுத்திப் பாக்க வாரவுகளுக்கு எத்தன தடவதான் சொல்றது!"

எங்கள் ஊரில் எல்லாரும் வாசல் முனியைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். நடை பழகும் குழந்தைக்கும் அது தெரியும். என் காலில் கோலாலம்பூரில் வாங்கிய, நாடா கட்டிய சப்பாத்து. திரும்பிப் பார்த்தால் மாமனார் வெறுங்காலோடு, செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. சூலத்தையும் எலுமிச்சம்பழத்தையும் பார்த்ததும் தானாகவே கழற்றிவிட்டார்.

"இந்தா, இந்த அய்யாவப் பாத்துக் கத்துக்கங்க," என்று எனக்குப் பாடம் எடுத்த அம்மாள், அவர் பக்கம் திரும்பினாள். "அய்யா எந்தத் தெரு? வெளியூரு போயி ரொம்ப நாளாச்சோ?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் மாமனாரின் முகத்தைக் கவனித்தேன். எழுபத்திரண்டு வயதில் முதன்முறையாக அவரிடம் ஒருவர் எந்தத் தெரு என்று கேட்கிறார். அவர் செருப்பைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளே தெரிந்த தெருக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கீழத்தெரு," என்றேன் நான். அது என் தெரு. "இவுக எங்க மாமா. நான் மலேசியா."

"அதான பாத்தேன்," என்று அந்த அம்மாள் அவருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவரப் போனாள். நான் வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தேன்.

கிள்ளானில் இப்போது ராஜா பரம்பரைப் பேச்சு நின்றுவிட்டது. போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தோம். பரிமாறியவர் புதுக்கோட்டைக்காரர் என்று தெரிந்ததும் மாமனார் முந்திக்கொண்டார். "நானும் அந்தப் பக்கம்தான் தம்பி. கோட்டைக்குள்ள, கீழத்தெரு."

பரிமாறியவர் மகிழ்ந்துபோய், சாம்பார் வாளியோடு என்னிடம் வந்தார். "நீங்கண்ணே?"

நான் பதில் சொல்லும் முன் மாமனார் சொல்லிவிட்டார். "அவரு நம்ம மாப்ள லா. வெளியூரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாம்பாருக்குச் சோற்றில் குழி பறித்தேன். "ஆமா தம்பி, வெளியூரு," என்றேன்.